சாமிக்கும் கார்டியன் உண்டு

எங்கள் பூம்பாறையில் சாமி பெயரே குழந்தை வேலப்பர். பழனியாண்டவரும் சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தைதான்: கோயில் சொத்து வழக்கில் மூலவர் என்றைக்கும் மைனர், அவர் சார்பில் வேறொருவர் நிற்க வேண்டும். என் தம்பிக்கு முப்பத்து நாலு வயது. டவுன் சிண்ட்ரோம். அவன் சார்பில் நிற்பவள் நான். அப்பா போன பிறகு, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு என்னைக் கார்டியனாகப் போட்டது.

இந்த ஆடியில் அவன் சொல்லிவிட்டான்: "அக்கா, டீக்கடை சம்பளத்த இனிமே என் கையில குடுக்கச் சொல்லு."

மைனர் என்பதால் சாமியின் இஷ்டத்தைக் கேட்காமல் விடுகிறோமா? கல்கத்தா மல்லிக் குடும்பத்தில் குலதெய்வ விக்கிரகத்தை எங்கே வைப்பது என்று பங்காளிகள் வழக்காடினார்கள். 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில், சாமியின் விருப்பமும் தெரிய வேண்டும், அதைச் சொல்ல வழக்கில் ஆதாயமில்லாத ஒருவரை நியமியுங்கள் என்றது. நாங்கள் அதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவதில்லை, பூப் போட்டுப் பார்ப்போம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒன்று, இலையில் ஒரே மாதிரி மடித்துச் சன்னதியில் வைப்பது வழக்கம். எடுப்பதற்குச் சூதுவாது தெரியாத கை வேண்டுமென்று தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். அவன் அவசரப்படமாட்டான். இரண்டையும் மோந்து பார்ப்பான், பூசாரி அதட்டுவார், பிறகுதான் எடுப்பான். அவன் எடுத்ததை வைத்து ஊரில் கிணறு வெட்டுகிறார்கள், சம்பந்தம் பேசுகிறார்கள். அதே கை போடும் கையெழுத்து பேங்கில் செல்லாது.

1999 சட்டத்தில் கார்டியனை நீக்கச் சொல்லி மனுப் போடக்கூடியவர்கள் பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு. கொடுமை, கவனிப்பின்மை, சொத்து மோசடி ஆகியவைதான் காரணங்கள். "எனக்கு வேண்டாம்" என்று அவனே சொல்வதற்கு அதில் இடமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் இதை மாற்றியது: கார்டியன் குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அதுவும் மாற்றுத்திறனாளியின் விருப்பத்தை அனுசரித்து. பழைய சட்டத்தில் வந்த கார்டியன்களும் இனி அப்படித்தான் நடக்க வேண்டும். பிரிவி கவுன்சில் சாமிக்குக் கொடுத்த மரியாதை மனுஷனுக்கு வந்து சேர தொண்ணூறு வருஷம் ஆகியிருக்கிறது.

அம்மா ஒப்பவில்லை. "எவனாவது ஏமாத்திப் புடுங்கிட்டா?" ஏமாற்றத்தான் செய்வார்கள். என்னிடம் மலைப்பூண்டு வாங்கிப் போன வியாபாரி பாதிப் பணத்தோடு காணாமல் போனான். எனக்கு யாரும் கார்டியன் போடவில்லை. ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு அம்மை அப்பனை விட்டு வந்தவரை, விவரம் தெரியாத பிள்ளை என்று யாரும் கைலாயத்துக்குத் தூக்கிப் போகவில்லை. நின்ற இடத்திலேயே கோயில் எழுப்பிக் காவடி எடுக்கிறோம். பிள்ளையின் முடிவு தப்பா சரியா என்று அந்தக் கதையில் ஒருவரும் தீர்ப்புச் சொல்லவுமில்லை. விருப்பம் என்றால் அதில் தப்பாகிப் போகிற உரிமையும் சேர்ந்தேதான் வரும் என்று நான் நம்புகிறேன். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பது பக்தியுமில்லை, பாசமுமில்லை.

அப்பாவின் பூண்டுக்காட்டுப் பாகப்பிரிவினைக்கு மட்டும் அவனுக்குத் துணை தேவைப்படும். அதில் நானும் பங்குக்காரி என்பதால் நான் நிற்பது முறையல்ல. பங்கில்லாத ஒருவரை, பத்திரம் முடியும்வரை மட்டும் போடுங்கள், என்னை விடுவியுங்கள் என்று மனு எழுதியிருக்கிறேன். சம்பளம் இப்போதே அவன் கையில். முதல் மாதம் மூன்று செல்போன் கவர் வாங்கிவிட்டான், இருப்பது ஒரு போன். அம்மா அதைக் காட்டித்தான் தினமும் என்னோடு சண்டை போடுகிறாள்.