இட்டு நிரப்ப வந்த பாட்டு

இரவு பத்தரை. தெரு அடங்கிவிட்டது. ஹெட்போனில் ‘பேரனாய்டு’, பிளாக் சபாத் 1970இல் வெளியிட்ட சிங்கிள். மூன்று நிமிடம்கூட இல்லை. முடிந்ததும் எழுந்துகொள்ளத் தோன்றாமல் மறுபடி போட்டேன்.

*

லண்டன் ஸ்டுடியோவில் ஆல்பம் ஏறக்குறைய தயார். நீளம் மட்டும் பற்றவில்லை. இன்னும் ஒரு சின்னப் பாட்டு வேண்டியிருந்தது. குழுவில் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். டோனி ஐயோமி கிட்டாரோடு அங்கேயே இருந்தார். அவர்கள் திரும்பியபோது இந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் ரிஃப் பிறந்திருந்தது. கீஸர் பட்லர் அவசரமாக வரிகளை எழுதிக் கொடுக்க, ஓஸி ஆஸ்பர்ன் தாளைப் பார்த்தே பாடினார்.

அதற்கு முந்தைய சிங்கிள் ‘ஈவில் உமன்’ இன்னொரு குழுவின் பாட்டு. எடுபடவில்லை. ‘பேரனாய்டு’ பிரிட்டிஷ் தரவரிசையில் 4ஆம் இடம்வரை போனது. ‘வார் பிக்ஸ்’ என்று பெயர் வைக்க இருந்த ஆல்பத்துக்கும் இதன் பெயரே வந்தது. அட்டைப் படத்தை மாற்றவில்லை: வாளும் கேடயமுமாக ஒருவன் இருட்டிலிருந்து பாய்ந்து வருகிறான்.

*

அந்த ரிஃபை வாசித்த கையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலை வேலை. ஐயோமிக்கு 17 வயது. அன்றுதான் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்தவர் திரும்பிப் போக வேண்டாமென்றிருந்தார், அம்மா விடவில்லை. பழக்கமில்லாத இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர்; தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான்.

வேலையிடத்து மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னாராம். தீயில் இரண்டு விரல் முடங்கியும் வாசித்தவர் ரைன்ஹார்ட். அந்த மேலாளரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பிறகு ஐயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருண்டையாக்கினார். பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி விரல் நுழையத் துளையிட்டார். உப்புத்தாளால் தேய்த்தார். தந்தி வழுக்காமலிருக்கத் தோல் துண்டை ஒட்டினார். கனமான தந்தி வலித்ததால் பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கட்டிக்கொண்டார்.

இன்று நான் கேட்பது அந்தத் தோலும் தந்தியும் உரசும் ஓசை.

*

தலைப்புச் சொல் பாட்டுக்குள் எங்குமே வருவதில்லை. பட்லர் எழுதியது தன் மனச்சோர்வை. அந்த நாளில் அதற்கு அவரிடம் சரியான பெயர்கூட இல்லை. வேகமான தாளத்தில் ஒருவன் தன்னால் மகிழ்ச்சியை உணர முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே போகிறான். ஆடவைக்கும் பாட்டு என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

*

இடையில் வரும் கிட்டார் தனிவாசிப்பு: இடக்காதில் தெளிவாக, வலக்காதில் அதே வாசிப்பு நடுங்கிச் சிதைந்து. ஒரு காதை மட்டும் மூடிக் கேட்டேன். பிறகு மற்றதை. இரண்டும் ஒருவரே என்று நம்பச் சற்று நேரமாயிற்று.

*

2025 ஜூலை 5. குழுவின் கடைசி நிகழ்ச்சி. பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானம், அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே. பார்கின்சன் நோயில் தளர்ந்திருந்த ஓஸி அரியணை போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். குழுவின் நால்வரும் சேர்ந்து வாசித்த கடைசிப் பாட்டு ‘பேரனாய்டு’தான். 17 நாள் கழித்து ஓஸி இறந்தார்.

அன்றும் ஐயோமியின் இரண்டு விரல்களில் மூடிகள் இருந்தன.