ஒரு தடவைதானே என்று விடாதீர்கள், அண்ணாச்சி

வெள்ளிக்கிழமை தென்காசிக்கு டயாலிசிஸுக்குப் போகவில்லையாமே? கடையத்தில் கோயில் கொடை, வீடு நிறைய ஆள், "ஒரு தடவை விட்டா என்ன" என்றீர்களாம். என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன்.

நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. உங்களுக்காக இயந்திரம் உழைப்பது மூன்று நாளில் 12 மணி நேரம். அதிலும் நான்கைத் தள்ளிவிட்டீர்கள். தேங்கிய நீர் நுரையீரலில் ஏறும். பொட்டாசியமோ சொல்லாமல் கொள்ளாமல் இதயத்தை நிறுத்தும். வார இறுதியின் இரண்டு நாள் இடைவெளி முடிந்த மறுநாளில்தான் சாவு கூடுகிறது என்று 2011-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் இடைவெளி நான்கு நாள். போதாததற்குக் கொடைப் பந்தலில் இரண்டு இளநீர்! அது முழுக்கப் பொட்டாசியம்.

இயந்திரத்தில் படுத்தால் கெண்டைக்கால் இழுக்கிறது, பிரஷர் இறங்குகிறது என்று குறை சொல்கிறீர்கள். தண்ணீரும் மோருமாக நான்கு கிலோ ஏற்றிக்கொண்டு போனால், அதை நான்கு மணி நேரத்தில் உறிஞ்சும்போது உடம்பு வேறென்ன செய்யும்? மதினியிடம் சொல்லி ஊறுகாயையும் அப்பளத்தையும் இலையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். உப்பு குறைந்தால் தாகமும் குறையும்.

டயாலிசிஸுக்குக் கழுத்தில் போட்ட குழாயே போதும் என்று இருக்காதீர்கள். கிருமி நேரே ரத்தத்துக்குப் போகிற வழி அது. அதை வைத்துக்கொண்டு சாரலுக்கு ஐந்தருவியில் தலை காட்டும் ஆசை வேறு! அதற்குப் பதிலாகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டாலும் அது பழுக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இந்த மாதமே போடுங்கள். பிறகு அந்தக் கையில் டயாலிசிஸ் ஊசி தவிர வேறு ஊசி, பிரஷர் பட்டை எதையும் அனுமதிக்காதீர்கள்.

அலைச்சல்தான் தடை என்றால் வயிற்று வழி டயாலிசிஸ் இருக்கிறது. வீட்டிலேயே ஒரு நாளைக்கு நான்கு முறை திரவப் பை மாற்ற வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் சோப்பு போட்டுக் கை கழுவச் சோம்பினால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். வெளியே வரும் நீர் கலங்கினால் அன்றே பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உங்களுக்கு அந்த ஒழுங்கு வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான், மதினிக்கு வரும்.

இன்று ஞாயிறு. ராத்திரி படுக்கையில் மூச்சு முட்டினால் விடியும்வரை பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். முட்டாவிட்டாலும் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். போனதும் நர்ஸம்மாவிடம் வெள்ளிக்கிழமை விட்டதையும், குடித்த இளநீரையும் மறைக்காமல் சொல்லுங்கள்.