உண்ட வீட்டின் குறை

உண்ட வீட்டுக்கு இரண்டகம் எண்ணாதே என்பர் பெரியோர். நன்று! ஆனால், அவ்வீட்டிலே பொய்யொன்று அரியணை ஏறக் கண்டால், வாய்மூடி இருத்தல்தான் நன்றியோ? பேசில் ஹால் சேம்பர்லின் என்னும் ஆங்கில அறிஞரை எண்ணுந்தோறும் இவ்வினா நம் நெஞ்சைக் குடைகிறது.

1873-ல் ஜப்பான் சென்ற இளைஞர் அவர். கடற்படைப் பள்ளியிலே கற்பித்தார். அந்நாட்டின் பழம்பெரும் நூலாம் 'கோஜிகி'யை 1882-ல் ஆங்கிலமாக்கினார். 1886-ல் டோக்கியோ பல்கலைக் கழகத்தில் ஜப்பானிய மொழிப் பேராசிரியரானார். ஜப்பானியர்க்கு ஜப்பானிய மொழியியலை அயலான் கற்பித்தான்! விந்தைதான்.

1890-ல் அங்கே கல்வி பற்றிய அரசாணை பிறந்தது. பள்ளிதோறும் அதனை ஓதினர். மன்னன் படத்தின்முன் மழலையர் தலை தாழ்ந்தது. மன்னன் கதிரவன் வழித்தோன்றல், அவனை வணங்குதல் தொன்றுதொட்ட மரபு என்றனர். தொன்மையாவது! ஆட்சியாளர் அண்மையில் அமைத்த புதுமதம் இது. முன்னாளிலே மன்னர்கள் புறக்கணிக்கப்பட்டனர், நாடு கடத்தவும் பட்டனர் என்று சேம்பர்லின் எழுதினார். 'புதுமதம் ஒன்றின் படைப்பு' என்னும் அச்சிறு நூலை இலண்டன் பகுத்தறிவாளர் பதிப்பகம் 1912-ல் வெளியிட்டது.

இரண்டகமா இது? அன்று ஜப்பானிய அரசின் பெருவருவாய் நிலவரி. சேம்பர்லினுக்கு உப்பிட்டவன் உழவன், பொய்யிட்டவன் ஆள்வோன். நன்றி யாருக்கு உரியது?

எனினும், அவரை வானளாவப் புகழ நமக்கு மனமில்லை. 1911-ல் ஜப்பானை விட்டு நீங்கியபின் அன்றோ அந்நூல் வெளிவந்தது! அந்நாட்டிலேயே பிறந்த பேராசிரியர் குமே குனிடாகே, ஷிண்டோ என்பது பண்டை வான வழிபாட்டின் எச்சமே என்று எழுதி, 1892-ல் பதவி இழந்தார். அதற்கு முந்திய ஆண்டு, அரசாணையின்முன் போதிய அளவு தலை தாழ்த்தாத குற்றத்துக்காக உச்சிமுரா கான்சோ என்னும் ஆசிரியர் வேலையைத் துறக்க நேர்ந்தது. அயலான் பேசினான், கப்பலேறினான். உள்நாட்டான் பேசினான், உலை அணைந்தது. ஆராய்ச்சி ஒன்றே எனினும் விலை ஒன்றா?

ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு உச்சிமுராவின் நிலையே உறக்கத்தைக் கெடுக்கிறது. அன்று அம்மண்டபத்தில் நாம் இருந்திருப்பின், நம் தலை எவ்வளவு தாழ்ந்திருக்கும்?

1946 சனவரி முதல் நாள், தன்னைத் தெய்வமெனக் கொள்வது பொய்யான கருத்து என்று மன்னரே அறிவித்தார். அதைக் கேட்கக் குமே இல்லை, சேம்பர்லினும் இல்லை. அரசாணையை ஆண்டாண்டாய் ஓதிய ஆசிரியர்கள் இருந்தனர். விடுமுறை முடிந்ததும் அதே மாணவர்முன் அவர்கள் மீண்டும் நிற்கவேண்டியிருந்தது.