துயிலில் வீழ்ச்சியும் விழிப்பில் வீழ்ச்சியும்



உறக்கம் கண்ணைத் தழுவும் நேரம். உடல் தளர்ந்து, மூச்சுச் சீராகி, எண்ணங்கள் மங்கத் தொடங்கும் வேளையில், காலடியில் தரையே இல்லாதது போலவும், படியொன்று தவறிப் பள்ளத்தில் விழுவது போலவும் ஓர் உணர்வு. தூக்கிவாரிப் போடுகிறது; விழித்துக்கொள்கிறோம். நெஞ்சு படபடக்கிறது. கட்டில் அசையவில்லை, விளக்கு அணையவில்லை, விழுந்தவர் எவருமில்லை. ஆயினும் அச்சம் மட்டும் அகலாமல் நிற்கிறது. இவ்வச்சத்தின் காரணத்தை ஆராய்வதே இன்றைய சிந்தனையாகும்.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆசிரியப் பணியாற்றிய காலம் முழுவதும் இதுபற்றிப் பற்பல விளக்கங்களை நாம் கேட்டதுண்டு. காற்றுச் சேட்டை என்பர் சிலர். கனவில் விழுந்து தரையைத் தொட்டவர் பிழைக்கமாட்டார் என்பர் வேறு சிலர். குழந்தை இரவில் திடுக்கிட்டு எழுந்தால் மறுநாளே மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதும் வழக்கமாயிருந்தது. கற்றவர் இல்லங்களிலும் இவ்வழக்கம் இன்னும் முற்றிலும் நீங்கியபாடில்லை.

மருத்துவ நூலார் கூறுவது யாது? விழிப்பிலிருந்து உறக்கத்திற்குச் செல்லும் முதற்படியில் தசைகள் நெகிழ்கின்றன. விழிப்பைக் காக்கும் மூளைத்தண்டின் நரம்புகள் ஒரே கணத்தில் ஓய்ந்துவிடுவதில்லை. இடையே தோன்றும் ஒரு திடீர்த் தூண்டுதலால் கை கால்கள் வெட்டி இழுக்கின்றன. பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது நேர்கிறது. தசை நெகிழ்வதை மூளை விழுவதாகத் தவறாக உணர்ந்து உடலைத் தற்காக்க முனைகிறது என்பது ஒரு கருத்து. மரக்கிளையில் உறங்கிய பண்டை உயிரினங்களின் எச்சமே இது என்பது மற்றொரு கருத்து, அது ஊகமேயாகும். காரணம் இதுவே என அறிவியல் இன்னும் அறுதியிடவில்லை. ஆனால் இதனை மிகுவிப்பவை தெளிவாகவே உள்ளன: மிகுந்த களைப்பு, தூக்கக் குறைவு, மனக்கவலை, மாலைக்குப் பின் அருந்தும் காப்பி, தேநீர். காப்பியிலுள்ள ஊக்கப்பொருளில் பாதியளவு கழியவே ஏறத்தாழ 5 மணி நேரமாகும்.

‘அமுக்குவான் பேய்’ என்று நம் மக்கள் அஞ்சுவதும் இதற்கு அண்மையதே. 1953ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளெயிட்மன் என்னும் இருவர், உறக்கத்தின் ஒரு பகுதியில் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசைவதைக் கண்டு வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதே தோன்றுகின்றன. கனவில் ஓடுபவர் கட்டிலைவிட்டு ஓடாதிருக்க, அவ்வேளையில் உடலின் தசைகள் கட்டுண்டு கிடக்கின்றன. அக்கட்டு அவிழுமுன் அறிவு விழித்துவிடின், கண் திறந்திருந்தும் கை அசையாது. மார்பின்மேல் யாரோ அமர்ந்திருப்பதாகத் தோன்றும். 100 பேரில் ஏறத்தாழ 8 பேர் இதனை அறிந்துள்ளனர் என்று 2011ஆம் ஆண்டின் ஆய்வுத் தொகுப்பொன்று கூறுகிறது. சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ அது தானே நீங்கும். பேயுமில்லை, பிணியுமில்லை.

எனினும் எல்லாத் துடிப்பும் ஒன்றன்று. உறக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொள்ளுதல், தன்னையறியாது சிறுநீர் கழிதல், எழுந்தபின் நெடுநேரம் நினைவு தெளியாமை, காலையில் எழுந்தவுடன் கைகள் வெட்டி இழுத்துக் கையிலுள்ள பாத்திரம் நழுவுதல் ஆகிய குறிகள் காணின் அது வலிப்பு நோயாக இருக்கலாம். மருந்தால் அடங்கக்கூடிய அந்நோயை மந்திரத்தால் அடக்க முயன்று கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அக்குழந்தைக்கு இழைக்கும் தீங்காகும். தருமபுரியிலேயே 2008ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. அறியாமையால் ஒரு குழந்தை வருந்துமாறு விடுவது அகிம்சை ஆகுமா? எண்ணிப் பாருங்கள்.

இனி ஆகமத்தின் ஒளியில் காண்போம். தத்துவார்த்த சூத்திரத்தின் எட்டாம் அத்தியாயம் காட்சியை மறைக்கும் தரிசனாவரணீய வினையை ஒன்பதாக வகுக்கிறது. அவற்றுள் ஐந்து உறக்கத்தைச் சார்ந்தவை: நித்திரை, நித்திராநித்திரை, பிரசலை, பிரசலாபிரசலை, ஸ்தியானகிருத்தி. இவற்றுள் பிரசலை என்பது துயரம், களைப்பு முதலியவற்றால் தோன்றிக் கண்ணிலும் உடலிலும் அசைவை உண்டாக்கும் துயில் என்று சர்வார்த்தசித்தி உரையில் பூஜ்யபாதர் விளக்குகிறார். இன்றைய மருத்துவர் கூறும் துடிப்பே அது என்று நாம் வலிந்து பொருத்தவில்லை. ஆயினும், உறக்கத்தில் உடல் அசைவதற்குப் பேயையோ தேவதையையோ தேடாமல், அவ்வுயிரின் வினையையும் களைப்பையும் கவலையையும் நோக்குமாறு நம் ஆசாரியர் பணித்தமை எத்துணைத் தெளிவு!

அசைவு ஒரு வினையின் பயன் எனில், அதனைத் தொடரும் அச்சம் வேறொரு வினையின் பயன். பயம் என்பது மோகனீயத்தின் பாற்பட்ட நோகஷாயங்கள் ஒன்பதனுள் ஒன்று. அதனை எழுவகையாகக் கூறுவர்: இகலோக பயம், பரலோக பயம், வேதனா பயம், காப்பாரில்லை என்னும் பயம், மறைவிடமில்லை என்னும் பயம், மரண பயம், எதிர்பாராது ஏதோ நேருமென்னும் ஆகஸ்மிக பயம். நள்ளிரவில் திடுக்கிட்டு எழுபவரைப் பற்றுவது இவ்வேழாம் அச்சமே. எழுபது வயதைக் கடந்த நம் போன்றோர்க்கு ஆறாவதும் உடன் வந்து அமர்கிறது. மக்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் வாழ, தனித்துறங்கும் முதியோர் அனைவரும் இதனை அறிவர்.

சமயசார உரையில் அமிர்தசந்திரர் இதற்கு மருந்து கூறுகிறார். ஞானமே உயிரின் இயல்பு. அது தொடக்கமும் முடிவும் அற்றது. வெளியிலிருந்து திடீரென அதனுள் நுழைவது யாதுமில்லை. பின் அச்சம் எங்கிருந்து வரும்? இத்தெளிவே நற்காட்சியின் முதல் உறுப்பாகிய ஐயமின்மை.

அப்படியாயின் அஞ்சத்தக்க வீழ்ச்சியே இல்லையோ எனின், உண்டு. 10ஆம் நூற்றாண்டினரான நேமிசந்திரர் கோம்மடசாரத்தில் குணஸ்தானங்கள் பதினான்கினை விரிக்குமிடத்து, இரண்டாவதாகிய சாசாதனத்திற்கு ஓர் அரிய உவமை கூறுகிறார். நற்காட்சி என்னும் மணிமலையின் உச்சியிலிருந்து வழுவி, மித்தியாத்துவம் என்னும் நிலத்தை நோக்கி விழும் உயிரின் இடைநிலையே அது. சிகரத்தை இழந்தாயிற்று, தரையை இன்னும் தொடவில்லை. அந்நிலையின் காலம் ஒரு சமயம் முதல் ஆறு ஆவலி வரையே. கண்ணிமைக்கும் பொழுதினும் நுண்ணியது.

அன்பர்களே! துயிலில் விழும்போது உடல் துள்ளி நம்மை எழுப்பிவிடுகிறது. நற்காட்சியினின்று விழும்போது எந்தத் துள்ளலும் இல்லை, ஓசையுமில்லை. பொய்யான வீழ்ச்சிக்கு அஞ்சித் தாயத்தைத் தேடிச் செல்லும் அந்த அடியே மெய்யான வீழ்ச்சியாகிவிடக் கூடும். ஆராயாது உலகோர் செய்வதைச் செய்தலை உலகமூடம் என்று இரத்தினகரண்டகம் கண்டிக்கிறது. பஞ்ச நமஸ்காரத்தையும் பேயோட்டும் கருவியாக எண்ணி உச்சரித்தல் தகாது. அது பயனை இரந்து செய்யும் மந்திரமன்று. பரமேஷ்டிகளின் குணங்களை நினைந்து வணங்குதல். நினைந்தால் மனம் அடங்கும். மனம் அடங்கினால் துயிலும் அடங்கும்.

செய்யத்தக்கவை சிலவே. இருட்டுமுன் உணவை முடித்தல் நம் மரபு. காப்பியையும் அப்போதே நிறுத்துக. படுக்குமுன் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்க. இயலாதோர் அதில் கால் பங்கேனும் அமர்க. அன்று எவரை வருத்தினோம் என்று எண்ணிப் பொறுத்தருள வேண்டுக. திடுக்கிட்டு விழித்தால் உடனே எழுந்து நடவாதீர்கள். முதியோர் சற்று அமர்ந்து, தலை சுற்றலில்லை என்று அறிந்தபின் எழுக. இல்லையேல் கனவில் விழாதவர் தரையில் விழ நேரும். அஞ்சிய குழந்தையை அணைத்து, “ஒன்றுமில்லையம்மா, உன் உடல் தூங்கப் போகிறது” என்று மெய்யைக் கூறுக. பொய்யால் ஆற்றிய அச்சம் மறுநாள் இரவு திரும்பி வரும்.

நம் தருமபுரி, பண்டைத் தகடூர். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் நொளம்ப மன்னன் மகேந்திரன் ஆட்சியில் இங்கே நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகர் இருவர் ஜினாலயம் ஒன்று எழுப்பினர். அதனைப் பற்றி இன்று நமக்குக் கூறுவது கல்வெட்டே. கல்லால் எழுப்பியதும் ஒருநாள் சாயும். உடலும் ஒருநாள் விழும். அதனைத் தடுக்க எவராலும் இயலாது. அதற்கு அஞ்சுவதால் பயனுமில்லை. விழாமற் காக்கத்தக்கது நற்காட்சி ஒன்றே. அதனைக் காக்கும் பொறுப்பு விழித்திருக்கும் பொழுதில் நம்முடையது.

வாழ்க ஜினதர்மம்! எவ்வுயிரும் அச்சமின்றித் துயில்க!