வக்காலத்தும் ராஜினாமாவும்

நம் நீதிமன்றங்களில் அன்றாடம் புழங்கும் சொற்களுள் பல அரபு மொழியின் வழிவந்தவை. 'வக்கீல்' என்பது 'வகீல்' என்னும் சொல்லே. தன் காரியத்தைப் பிறன் ஒருவன் நம்பி ஒப்படைக்க, அதை ஏற்று நிற்பவர் என்பது அதன் பொருள். அந்த ஒப்படைப்பே வக்காலத்து. 'இன்சாஃப்' செய்பவர் முன்சீப். வகீல் என்பது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று என்பதையும், இறைவனிடம் காரியத்தை ஒப்படைத்து நிற்கும் 'தவக்குல்' அதே வேரில் பிறந்தது என்பதையும் மதரஸாவின் இளம் மாணவரும் அறிவர். ஆகவே வக்கீல் தொழிலின் உயிர்நாடி வாதத் திறமையன்று, அமானிதம். இதை மனத்தில் இருத்திக்கொண்டு ஒரு கேள்வியை ஆராய்வோம்: சட்டம் கற்ற ஒருவர், தாம் இருக்கும் இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குச் செல்ல எண்ணும்போது, எதைக் கொண்டு தீர்மானிப்பது?

இது செல்வர் வீட்டுக் கேள்வி மட்டுமன்று. புதுவைக்குத் தெற்கே நல்லவாடு போன்ற கடலோரச் சிற்றூர்களிலிருந்தும், பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து உழவர் குடும்பங்களிலிருந்தும் காலாப்பட்டு சட்டக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பலாம் என்ற நிலை இன்று உண்டு. கறுப்பு அங்கி அணிந்த சில ஆண்டுகளிலேயே அந்தப் பிள்ளையின் முன் பல பாதைகள் விரிகின்றன. நீதிபதித் தேர்வு எழுதலாம், அரசு வழக்கறிஞர் ஆகலாம், பெரு நிறுவனத்தின் சட்ட அலுவலர் ஆகலாம், இலவச சட்ட உதவிப் பணியில் சேரலாம், கல்லூரியில் கற்பிக்கலாம், அரசியலில் இறங்கலாம். 'எதில் வருமானம் அதிகம்?' என்று வீட்டார் கேட்பர். 'எதில் மதிப்பு அதிகம்?' என்று உறவினர் கேட்பர். 'எதில் என் அமானிதம் காக்கப்படும்?' என்ற கேள்வியை அவர் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பதவியைக் கேட்டுப் பெற வேண்டாமென நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் ஒருவருக்கு அறிவுறுத்தினார்கள். கேட்டுப் பெற்றவர் அப்பதவியின் பொறுப்பிலேயே விடப்படுவார். கேளாமல் வந்து சேர்ந்தவருக்கு உதவி கிட்டும் என்பது அதன் கருத்து. 'விடப்படுவார்' என்பதற்கு அந்த நபிமொழியில் வரும் அரபுச் சொல்லும் நாம் மேலே கண்ட அதே வேரினது என்பது சிந்தனைக்குரியது. பதவியையே நம்பிச் செல்பவனுக்குப் பதவியே வகீல் ஆகிவிடுகிறது! எனினும், நபி யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்கள் என்பதைத் திருமறை உரைக்கிறது. பஞ்சம் வரவிருந்தது, காக்கும் ஆற்றலும் அறிவும் தம்மிடம் இருப்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே விண்ணப்பம் போடுவது குற்றமன்று. எதற்காகப் போடுகிறோம் என்பதே வினா.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்வு இங்கே விளக்கமாக நிற்கிறது. கலீஃபா மன்சூர் அவர்களை அழைத்து காழிப் பதவி ஏற்கச் சொன்னார். தாம் தகுதியற்றவர் என்றார் இமாம். 'நீர் பொய் சொல்கிறீர்' என்றார் கலீஃபா. அப்படியாயின் பொய்யன் காழியாக முடியாதே என்று இமாம் விடை பகர்ந்ததாக வரலாற்று நூல்கள் கூறும். சிறைவாசம் நேர்ந்தது. ஹிஜ்ரி 150-இல், கி.பி. 767-இல், பக்தாதில் அவர்கள் மறைந்தார்கள். அவர்களுடைய தலைமாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ காழிப் பதவியை ஏற்றார்கள். ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக உயர்ந்தார்கள். ஆசிரியர் மறுத்ததை மாணவர் ஏற்றார் எனில், இருவருள் யார் செய்தது சரி?

இருவருமே சரி என்பது எம் துணிபு. எப்படி? ஆசிரியர் கூஃபாவில் பட்டு வணிகம் செய்தவர். அவருடைய உணவு அரண்மனையிலிருந்து வரவில்லை. ஆகவே 'மாட்டேன்' என்று சொல்ல அவரால் இயன்றது. மாணவரோ வறுமையில் வளர்ந்தவர். ஆசிரியரின் பொருளுதவியால் கற்றவர். ஆனால் பதவியில் அமர்ந்த பின் அவர் வாய்மூடி இருந்தாரல்லர். கலீஃபாவுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில், வரி செலுத்துவோரை வதைக்கலாகாது என்றும், சிறைக் கைதிகளுக்கு உணவும் உடையும் அரசுப் பொருளிலிருந்து வழங்கப்பட வேண்டும் என்றும் ஆட்சியாளருக்கே எடுத்துரைத்தார். ஒருவர் வெளியே நின்று உண்மையைக் காத்தார். மற்றவர் உள்ளே சென்று உண்மையைச் சொன்னார். பதவி இருவருக்கும் ஒன்றே. அதை எடைபோடும் அளவுகோலும் ஒன்றே. அந்த அளவுகோலை மூன்று வினாக்களாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது: எம் ரிஸ்க் யார் கையில் இருப்பதாக நாம் எண்ணப்போகிறோம்? முழுநேரச் சம்பள வேலையில் சேரும் வழக்கறிஞர், சில விலக்குகள் தவிர, நீதிமன்றத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும் என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதி. இதன் உட்பொருள் ஆழமானது. பல கட்சிக்காரரின் வகீலாக இருந்தவர் ஒரே எஜமானரின் ஊழியர் ஆகிறார். அதில் இழிவில்லை. ஆனால் அந்த ஒரே எஜமானர் தவறு செய்யும் நாளில் சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லும் அளவுக்குக் கைச்சேமிப்பும் மனத்துணிவும் உண்டா என்பதை, சேரும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: கையில் உள்ள அமானிதம் என்னாவது? தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் இன்றி, ஏற்ற வழக்கை வழக்கறிஞர் கைவிடலாகாது. விலகினால் உழைக்காத பங்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே விதிகள் கூறுகின்றன. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்குத் தோன்றலாகாது. ஊர் மாறலாம், பணி மாறலாம். பிறர் நம்பி உரைத்த இரகசியம் மாறாது. நல்லவாட்டு மக்கள் இதன் அருமையை வேறொரு வகையில் கண்டவர்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, அவ்வூரின் அறிவு மையத்தில் முன்பு தொண்டு செய்து பின்னர் வேலைக்காகச் சிங்கப்பூர் சென்றிருந்த ஒருவர், செய்தி அறிந்து தொலைபேசியில் எச்சரித்தார். அந்த மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊருக்கு அறிவிப்புச் சென்றது. மக்கள் உயிர் தப்பினர். வேலையை விட்டுச் சென்றவர் பொறுப்பை விட்டுச் செல்லவில்லை.

மூன்றாவது: அந்த இடத்திலிருந்து வெளியேறவும் எம்மால் இயலுமா? இதற்கு நம் காலத்துச் சான்று நாகூரில் 1921-இல் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் அவர்கள். விரிவுரையாளர், வழக்கறிஞர், உயர் நீதிமன்ற நீதிபதி எனப் படிப்படியாக உயர்ந்தவர். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்திய சிறையில் கைதிகள் நடத்தப்பட்ட விதம் குறித்து 1977-இல் அமைந்த விசாரணை ஆணையம் அவருடையதே. சிறைக் கைதிக்காகப் பேசிய அபூயூசுஃப் அவர்களின் நினைவு நமக்கு எழாமல் இருக்குமா? 1979-இல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். 1981-இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டபோது அங்கே செல்லாமல் பதவி விலகினார். அம்மாற்றத்தை எதிர்த்துப் பிறர் தொடுத்த வழக்கிலும், தம் பொருட்டு எவரும் வழக்காட வேண்டியதில்லை என்று தெரிவித்துவிட்டார். பிறருக்காக வக்காலத்து ஏற்றவர், தமக்கென எவருக்கும் வக்காலத்துத் தரவில்லை! பதவிக்கு வெளியே அவருக்குத் தமிழ் இருந்தது, கம்பன் இருந்தான். பதவி போனால் எல்லாம் போயிற்று என்ற நிலையில் அவர் தம்மை வைத்துக்கொள்ளவில்லை.

'இவையெல்லாம் பெரியோர் கதை; கடனும் குமர்களும் உள்ள வீட்டுக்கு இது பொருந்துமா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. குடும்பத்தைக் காப்பதும் கடமை; ஹலாலான சம்பளத்தை நாடுவதும் வணக்கமே. வறுமையில் வளர்ந்த அபூயூசுஃப் அவர்களை நாம் எடுத்துக்காட்டியதும் இதனால்தான். நாம் சொல்வது இவ்வளவே: பெற்றோரே, பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். கீழமை நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மூன்றாண்டைத் தடையாக எண்ணாமல், ஏழையின் வழக்கைக் கேட்டுப் பழகும் காலமாக எண்ணுங்கள். உண்மையை அறிந்து அதன்படி தீர்ப்பளிப்பவரே சுவனத்துக்குரியவர். அறிந்தும் மாறித் தீர்ப்பவரும், அறியாமலே தீர்ப்பவரும் நரகத்துக்குரியோர் என்ற நபிமொழியின் எச்சரிக்கை, தேர்வு எழுதும் ஒவ்வொருவரின் மேசையிலும் இருக்கட்டும். நல்லோரிடம் மஷ்வரா செய்து, இஸ்திகாரா தொழுத பின் எடுக்கும் முடிவில் கைசேதம் இராது.

'ராஜினாமா' என்ற சொல்லும் அரபும் பாரசீகமும் கலந்து வந்ததே. 'ராளீ' என்றால் மனம் ஒப்பியவர். 'நாமா' என்றால் எழுத்து. மனநிறைவோடு எழுதித் தருவது ராஜினாமா! சேரும் நாளில் அமானிதத்தை எண்ணியும், விலகும் நாளில் மனம் ஒப்பியும் கையெழுத்திட வல்லவருக்கு எந்த இடமும் தக்க இடமே. அத்தகைய சட்ட அறிஞர்களை நம் குடும்பங்களிலிருந்து அல்லாஹ் தோன்றச் செய்வானாக. ஆமீன்.