பெரிய எழுத்தும் அரைப் பேரும்

வலப்பனைப் பகுதியின் மலைச்சரிவுகளிலே செல்வோர் கண்ணில் முதலிற் படுவது, தேயிலைத் தொழிற்சாலையின் நெற்றியில் எழுதப்பட்ட தோட்டத்தின் பெயர். பருத்து அகன்ற ஆங்கில எழுத்துகள். வட்டமும் நேர்கோடுமே அவற்றின் உறுப்புகள். முனைகளில் நகாசு இல்லை. எதிர்மலையிலிருந்தும் வாசிக்கலாம்.

இவ்வகை எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் போல் ரென்னர் வடிவமைத்து 1927இல் வெளிவந்த 'பியூச்சுரா' அச்செழுத்து, வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டது. வடிவகணிதம் எந்த இனத்தின் தனியுடைமையும் அன்று. ஆகவே அதிற் பிறந்த எழுத்து மக்கள் அனைவருக்கும் பொது என்று அக்காலத்துப் புதுமைக் கலைஞர் பலர் நம்பினர். நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையை எதிர்த்தெழுதிய ரென்னர் 1933இல் கைதாகிப் பதவி இழந்தார். பழைய முறுக்கெழுத்தே ஜெர்மானியரின் எழுத்தென்று கொண்டாடிய அதே ஆட்சி, 1941இல் அதனை யூத எழுத்தென்று பழித்து ஒதுக்கியது. வடிவத்திலேயே அறம் குடியிருக்குமாயின், எட்டு ஆண்டுகளில் அது இடம்மாறிவிடுமா?

ஆயினும், வடிவம் குற்றமற்றது என்று சொல்லி நாம் தப்பிவிட முடியாது. எழுத்து யாருக்காகப் பெரிதாகிறது என்ற வினா எஞ்சி நிற்கிறது. கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் இதற்கு விடை அறிவார்: கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளைக்காக. தொழிற்சாலைச் சுவரின் எழுத்து யாருக்காக?

தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் 'அரைப் பேர்'. மனிதரின் பெயரைப் பாதியாய் வெட்டும் இக்கணக்கு, செக்ரோல் ஏட்டின் சிறு கட்டத்துக்குள் பொடியெழுத்தில் நடைபெறுகிறது. சுவரில் அதற்கு இடமில்லை.

தேயிலைப் பெட்டிகள் 'சிலோன்' என்ற பெயரைக் கொட்டை எழுத்தில் உலகெங்கும் ஏந்திச் சென்றன. அத்தேயிலையைப் பறித்தவர்களிற் பெரும்பாலோர்க்கு அந்நாட்டின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. எஞ்சிய நாடற்றோருக்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தனை காலமும் பெட்டியின் மீதிருந்த பெயர் தெளிவாகவே இருந்தது. தெளிவு வேறு, நேர்மை வேறு.

நாம் வேண்டுவது பெரிய எழுத்தை அழிப்பதன்று. கொழுந்து நிறுவைக் கணக்கும், கூலிப் பிடித்தமும், மண்சரிவு எச்சரிக்கையும் அதே பருமனில், தமிழில், எழுதப்படட்டும். எழுதப்பட்டதன் விளைவைச் சுமப்பவர், தாம் நிற்குமிடத்திலிருந்தே அதனை வாசிக்க முடிய வேண்டும். எழுத்தின் அறத்துக்கு இதுவே அளவுகோல்.

எதிர்மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தோட்டத்தின் பெயர் தெரிகிறது. தன் பேர் முழுதா, அரையா என்பதை மட்டும் அவள் பிறர் சொல்லித்தான் அறியவேண்டுமா?