பழமையின் சாயல்

திற்பரப்பில் நம் தங்கை மகன், ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த கூலியில் மின்கிதார் ஒன்று வாங்கினான். புத்தம் புதியது, தோற்றமோ 1954 இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தோற்றம். "பழசுபோல் வேடமிட்ட பொருள் பொய்யல்லவா, காக்கா?" என்று தங்கை வினவினாள்.

நரம்புக் கருவி ஆகுமா என்பது வேறு வழக்கு. இமாம் கஸ்ஸாலி அவர்கள் அதனை மதுவருந்துவோர் அவையோடு சேர்த்து விலக்கினார்கள். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் அவர்கள் உடன்படவில்லை. அது இங்கே தீராது. தங்கை கேட்டது வாய்மையைப் பற்றி.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுள் கையிட்டு ஈரங்கண்டு கடிந்தார்கள். நனைந்ததை உலர்ந்தது மறைத்திருந்தது. இங்கே மறைப்பு ஏது? விற்றவர் புதியதென்றே விற்றார். ஃபெண்டர் நிறுவனமே 1982 முதல் ஸ்குவையர் என்னும் பெயரில் மலிவான கிதார்களை வெளியிட்டு வருகிறது. எஃகு நரம்பின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்னாக்கும் முறை விலையுயர்ந்ததிலும் இதுவே.

எனினும் வாங்கியவன் நாவு என்ன சொல்லிற்று? அவனையே கேட்டோம். தலை கவிழ்ந்தான். "ஒருத்தரிடம் பழையதுதான்னு சொல்லிட்டேன், மாமா. அவர் இரட்டை விலைக்குக் கேட்கிறார்."

கிதாரையும் எடுத்துக்கொண்டு அன்று மாலையே அவர் வீட்டுக்குப் புறப்பட்டான். நாமும் உடன் சென்றோம்.